குறி காத்த கண்களுக்கு: மெய்ப்புத் திருத்துநர் லட்சுமிகாந்தம் அம்மையாருக்கு அச்சகத்தார் அளிக்கும் மடல்

பிழை கண்டால் பொறுக்காத பேனாவும், பிழை செய்தவரைப் பொறுக்கும் பெருநெஞ்சும் ஒருங்கே வாய்த்த பெருமாட்டியே! புள்ளி ஒன்று புரண்டாலும் பொருள் புரண்டுவிடும் என்று முப்பத்து நான்கு ஆண்டுகள் ஒரே மேசையில் அமர்ந்து ஓயாது காத்த காவலரே! கூட்டலும் கழித்தலும், பெருக்கலும் வகுத்தலும், அடைப்புக்குறியும் அடுக்குக்குறியும் தங்கள் விழியின் வழியே சென்றால்தான் வெளியே செல்லலாம் என்று விதி வகுத்த வித்தகரே! எங்கள் அன்பு அம்மா! சர்வதாரி ஆண்டு வைகாசித் திங்களில் பணி நிறைவு காணும் தங்களை, அச்சுக்கூடத்தாரும் கணினிப் பிரிவினரும் நூல்கட்டும் பகுதியினரும் ஒன்றாய் நின்று, கூப்பிய கைகளோடு வணங்குகிறோம்.

இம்மடலை எழுதும் பொறுப்பு, கணினியில் பக்கம் அமைக்கும் பாண்டிராஜாகிய என்னிடம் வந்து சேர்ந்தது. ஒவ்வொரு மே மாதமும் மாவட்டம் முழுவதும் ஓய்வு பெறும் ஆசிரியர்களுக்கும் அலுவலர்களுக்கும் இப்படிப்பட்ட மடல்களை நம் அச்சகம்தான் அச்சிட்டுத் தருகிறது. பெயரையும் தேதியையும் மாற்றினால் எவருக்கும் பொருந்தக்கூடியவை அவை. அவற்றுள் ஒன்றை எடுத்துத் தங்கள் பெயரைப் பொருத்திவிடலாம் என்றுதான் முதலில் உட்கார்ந்தேன். 'கடமையே கண்ணாக' என்ற வரிக்கு வந்தபோது கை நின்றுவிட்டது. தங்கள் கடமை உண்மையிலேயே கண்ணால் செய்தது. அதைப் பழைய வரியில் சொல்ல மனம் வரவில்லை. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நண்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

விருதுநகரில் கணிதம் படித்துப் பட்டம் பெற்றவர் தாங்கள். ஆசிரியப் பணிக்குக் காத்திருந்த வேளையில், பத்தாம் வகுப்புக் கணித உரைநூல் அச்சிட எடுத்து, குறிகளெல்லாம் குழம்பிப்போய், அதைத் திருத்த ஆள் தேடிய நம் அச்சகத்தில் 1974ஆம் ஆண்டு ஒரு மாதத்துக்கென்று வந்து சேர்ந்தீர்கள். அந்த ஒரு மாதம்தான் இன்றோடு முடிகிறது.

தேநீர் வேளையில் தாங்கள் சொன்னவற்றை இங்குள்ள எவரும் மறக்கவில்லை. கூட்டல் குறி வானத்திலிருந்து விழவில்லை. 'உம்' என்று பொருள்படும் இலத்தீன் சொல்லை வேகவேகமாக எழுதிய கைகள் அதைத் தேய்த்துத் தேய்த்துக் குறுக்குக் கோடாக்கின என்றீர்கள். நானூற்று ஐம்பது ஆண்டுகளுக்கு முன் வேல்ஸ் நாட்டு மருத்துவர் ஒருவர், 'இதற்குச் சமம்' என்று ஒவ்வொரு வரியிலும் எழுதிச் சலித்துப்போய், ஒரே நீளத்தில் இரண்டு கோடுகளை இழுத்துவைத்த கதையைச் சொன்னீர்கள். நாம் வகுத்தலுக்கு இடும் குறியை வடஐரோப்பாவில் கழித்தலுக்கு இட்டார்கள் என்று தாங்கள் சொன்னபோது, நூல்கட்டும் பகுதியே சிரித்தது. கல்யாணப் பத்திரிகை மெய்ப்பு வந்தால், ஆண்டுக்கு ௵ என்றும் மாதத்துக்கு ௴ என்றும் நாளுக்கு ௳ என்றும் நாம் இன்றும் இடும் சுழிகளைத் தொட்டுக்காட்டி, "இதுவும் அதே சலிப்புலதாம்ப்பா பொறந்துருக்கு. எழுதி எழுதிக் கை வலிச்சவங்க எல்லா ஊருலயும் இருந்திருக்காங்க" என்பீர்கள். பழைய தமிழ்க் கணக்கில் பத்துக்கும் நூற்றுக்கும் ஆயிரத்துக்கும் தனித்தனிக் குறி இருந்ததையும், சுழியம் வந்து அவற்றுக்கெல்லாம் ஓய்வு கொடுத்ததையும் நாங்கள் பள்ளியில் கற்கவில்லை. தங்கள் மேசையருகே கற்றோம்.

இனி, 2005ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். இங்குள்ளவர்களில் பாதிப் பேருக்கு அதில் பாதிதான் தெரியும்.

அச்சங்குளத்துப் பக்கம் உள்ள பட்டாசு ஆலை ஒன்று, தன் கொட்டகைகளின் வாசலில் மாட்டுவதற்கு நாற்பத்திரண்டு எச்சரிக்கைப் பலகைகள் கேட்டிருந்தது. ஒரு கொட்டகையில் நான்கு பேருக்கு மேல் அமரக் கூடாது என்பது அதில் முதல் வரி. பலகை சிறியது, எழுத்துப் பெரியதாக வேண்டும் என்பதால், 'ஆட்கள் ≤ 4' என்று குறியாகவே போடச் சொல்லி ஆலையிலிருந்தே எழுதி வந்திருந்தது. நான்கு, அல்லது நான்குக்குக் குறைவு என்று பொருள். நான் பக்கம் அமைத்தேன். தாங்கள் மெய்ப்புப் பார்த்துக் கையெழுத்திட்டீர்கள். குறி சரியாகவே இருந்தது.

மறுநாள் தாங்கள் கண் பரிசோதனைக்காக மதுரைக்குப் போயிருந்தீர்கள். பக்கத்தை அச்சுக்கான ஃபிலிம் எடுக்கும் கணினியில் திறந்தபோது, அந்தக் குறிக்குரிய எழுத்துரு அதில் இல்லாததால், ≤ இருந்த இடத்தில் இங்கிலாந்துப் பவுண்டின் £ வந்து உட்கார்ந்திருந்தது. நான் அதைப் பார்த்தேன். அழித்தேன். கணினியில் குறிகளின் பட்டியலைத் திறந்து, அவசரத்தில் பக்கத்திலிருந்த ≥ குறியை எடுத்து வைத்தேன். எந்திரம் காத்திருந்தது. சீசன் நேரம். திரும்ப ஒரு தாள் எடுத்து எவரிடமும் காட்டவில்லை. அன்று மாலையே பலகைகள் அச்சாகி, மேலே பிளாஸ்டிக் உறை போர்த்தி, ஆலை வண்டியில் ஏறிவிட்டன.

அதற்கடுத்த நாள் காலை பத்து மணிக்கு, மேசைமேல் கிடந்த மாதிரித் தாளைத் தாங்கள் கையில் எடுத்தீர்கள். எழுந்து நின்றீர்கள். நேரே மேலாளர் சண்முகவேல் அண்ணாச்சியின் அறைக்குள் போனீர்கள்; நானும் பின்னால் வந்தேன்.

"அண்ணாச்சி, இதுல நாலு பேரோ அதுக்கு மேலயோ இருக்கணும்னு போட்டிருக்கு. தலைகீழா அச்சாயிருக்கு."

அண்ணாச்சி ஆலை அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினார். பலகைகளைக் காலையிலேயே மாட்டியாயிற்று, லோடு ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள், பிறகு பார்க்கலாம் என்று பதில் வந்தது.

"விடுங்கம்மா. அங்கன வேல பாக்கிறவங்களுக்கு இந்தக் குறியெல்லாம் என்ன தெரியப்போகுது? அடுத்த வாரம் வேற அடிச்சு அனுப்பிருவோம்" என்றார் அண்ணாச்சி.

"தெரிஞ்ச ஆளு ஒருத்தர் இருந்தாப் போதும் அண்ணாச்சி" என்றீர்கள். பிறகு என் பக்கம் திரும்பி, "பாண்டி, ஒன் வண்டியில பெட்ரோல் இருக்கா?" என்று கேட்டீர்கள்.

ஐம்பத்தைந்து வயதில், என் டிவிஎஸ் ஃபிஃப்டியின் பின்னால் ஒருபக்கமாக அமர்ந்து, வெம்பக்கோட்டை கடந்து, வெயிலில் அவ்வளவு தூரம் வந்தீர்கள். குறியை மாற்றியது யார் என்று வழியில் ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பேனோ என்னவோ!

ஆலை வாசலில் கைப்பேசியையும் செருப்பையும் வாங்கி வைத்துக்கொண்டு உள்ளே விட்டார்கள். ஒவ்வொரு கொட்டகையாகப் பார்த்துக்கொண்டே போனோம். முதல் கொட்டகையில் நான்கு பேர். அடுத்ததில் நான்கு பேர். குறி புரியாதவர்கள், பழைய வழக்கப்படி நான்கு பேராகவே அமர்ந்திருந்தார்கள். ஏழாவது கொட்டகையில் ஏழு பேர் இருந்தார்கள். தோளோடு தோள் இடிக்க அமர்ந்து வெடிமருந்து செலுத்திக்கொண்டிருந்தார்கள்.

தாங்கள், உடம்பிலுள்ள மின்னூட்டம் இறங்குவதற்காக வாசலில் பதித்திருந்த செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு, உள்ளே குரல் கொடுத்தீர்கள். "எல்லாரும் மெல்ல எந்திரிச்சு வெளிய வாங்க. கையில இருக்கிறதை அங்கனயே பதனமா வச்சிட்டு வாங்க. ஓட வேண்டாம்." அந்தக் குரலில் பதற்றம் இல்லை.

போர்மேன் சோலைச்சாமி ஓடி வந்தார். "யாரும்மா நீங்க? எதுக்கு ஆளுகளை எழுப்புறீக?"

"இந்தப் பலகையை அடிச்சது நாங்கதாம்ப்பா. தப்பா அடிச்சிட்டோம். நாலு பேருக்கு மேல இருக்கக் கூடாது."

சோலைச்சாமி பலகையைத் திரும்பிப் பார்த்தார். "நான் பன்னெண்டாப்பு கணக்குல நல்ல மார்க்கு எடுத்தவம்மா. இந்தக் குறி எனக்குத் தெரியும். நாலோ அதுக்கு மேலயோன்னு போட்டிருக்கவும், முதலாளி புதுசா அனுமதி வாங்கிட்டாக போலன்னு நெனச்சேன். காலையில நான்தான் மூணு பேரைக் கூட்டியாந்து உக்கார வச்சேன்."

குறி தெரிந்த அந்த ஒருவரைத்தான் எங்கள் பலகை ஏமாற்றியிருந்தது. தாங்கள் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. "நீங்க படிச்சது சரி. நாங்க எழுதுனதுதான் தப்பு" என்றீர்கள்.

ஏழு பேரும் வேப்பமரத்தடியில் வந்து நின்றார்கள். கையிலும் முகத்திலும் வெள்ளியாய் மருந்துப் பொடி. அவர்களில் மூத்தவர் அய்யம்மாள். என்ன நடந்தது என்று கேட்டார். தாங்கள் கரிசல் மண்ணில் குந்தி, விரலால் அந்தக் குறியை வரைந்து காட்டினீர்கள். வாய் அகன்ற பக்கம் பெரியது, கூம்பிய பக்கம் சிறியது; நானூறு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் ஒருவர் இப்படி எழுதத் தொடங்கினார்; அடியில் இந்தக் கோடு அதற்கும் நூறு ஆண்டு கழித்துப் பிரான்சில் சேர்ந்தது; குறியைத் திருப்பிப் போட்டால் பொருளும் திரும்பிவிடும் என்று, தேநீர் வேளையில் எங்களுக்குச் சொல்வதுபோலவே சொன்னீர்கள்.

அய்யம்மாள் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "அம்புட்டு தூரத்துல ஒருத்தன் கிறுக்குனது எங்க உசுருல வந்து முடியப் பாத்துச்சே! ஏன்க்கா, அதை எழுத்துல போட்டா என்ன?"

"எழுதுனா நீளமாப் போகும்னுதான் குறி போடுறது" என்றீர்கள்.

"அது எழுத நேரமில்லாதவுக கண்டுபிடிச்ச குறி. நாங்க படிக்கத் தெரியாதவுக. எங்களுக்கு ஒரு குறி போடுங்களேன்."

"எப்படிப் போடலாம், சொல்லுங்க."

அய்யம்மாளும் குந்தினார். தங்கள் குறிக்குப் பக்கத்திலேயே, தலைக்கு ஒரு வட்டமும் உடம்புக்கு ஒரு கோடுமாக நான்கு பேரை வரைந்தார். சற்றுத் தள்ளி ஐந்தாவதாக ஒருவரை வரைந்து, அவர்மேல் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். "நாலு பேரு இருக்கலாம். அஞ்சாவது ஆளு வந்தா எல்லாருக்கும் சாவு. இம்புட்டுத்தானே?"

தாங்கள் பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து, மண்ணில் இருந்ததை அப்படியே படியெடுத்துக்கொண்டீர்கள். "முப்பது வருசமா குறி எங்கயிருந்து வந்துச்சுன்னு கதை சொல்லிக்கிட்டிருந்தேன். யாருக்காக வந்துச்சுன்னு யோசிக்கல" என்றீர்கள். எனக்குச் சொன்னீர்களா, தங்களுக்கே சொல்லிக்கொண்டீர்களா என்று இன்றும் தெரியவில்லை.

நாற்பத்திரண்டு பலகைகளையும் கழற்றிக் கட்டாகக் கட்டினோம். சோலைச்சாமி ஆள்களைப் பிரித்து உட்கார வைத்தார். அன்று அங்கே எதுவும் வெடிக்கவில்லை. செய்தித்தாளில் ஒரு வரியும் வரவில்லை. ஏழு பேரும் மாலையில் வழக்கம்போல வேனில் ஏறி ஏழாயிரம்பண்ணைக்கு வீடு திரும்பினார்கள். தங்கள் முப்பத்து நான்கு ஆண்டுச் சேவையில் எங்களுக்குத் தெரிந்த பெரிய சாதனை இதுதான், அம்மா!

மறுநாள் ஆலை முதலாளி நேரில் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார். அண்ணாச்சி நம் எல்லாரையும் கூட்டி நிறுத்தினார். "யாரு பாத்த வேல இது? இப்பவே தெரிஞ்சாகணும்" என்றார்.

தாங்கள் ஓரடி முன்னால் வந்தீர்கள். "மெய்ப்புல கையெழுத்து என்னோடது. அப்ப நான்தான்."

தாங்கள் கையெழுத்திட்ட தாளில் குறி சரியாக இருந்தது. அந்தத் தாள் தங்கள் கோப்பிலேயே இருந்தது. எடுத்துக் காட்டியிருந்தால் ஒரு நிமிடத்தில் உண்மை விளங்கியிருக்கும். தாங்கள் எடுக்கவில்லை. நான் வாய் திறக்கவில்லை. வேலைக்கு வந்து எட்டே மாதமான எனக்கு அதற்குக் காரணங்கள் பல இருந்தன. அவற்றை அடுக்கினால் மடல் நீளும். பயம் என்ற ஒரு சொல் போதும்.

கணித நூல்களைத் தங்களிடமிருந்து எடுத்துவிட்டார்கள். பத்தொன்பது மாதங்கள், தினசரி நாட்காட்டியில் ராகுகாலமும் எமகண்டமும் சரிபார்க்கும் மேசையில் தங்களை உட்கார வைத்தார்கள். கணிதம் படித்த கண்கள் அதையும் கணிதம்போலவே பார்த்தன. ஒருநாள் பொறுக்கமாட்டாமல் தங்களிடம் வந்து, "நான்தாம்மா மாத்துனேன். நான் போய் அண்ணாச்சிகிட்ட சொல்லிருதேன்" என்றேன். தாங்கள் நாட்காட்டித் தாளிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "எனக்கு அன்னைக்கே தெரியும். திருத்துன பெறகு திரும்பக் காட்டணும்னு இங்கன ஒரு விதி இல்ல. முப்பது வருசமா அந்த விதியை நான் போடல. அது என் தப்புதானே? போய் வேலையைப் பாரு" என்றீர்கள். நான் போய் வேலையைப் பார்த்தேன். அண்ணாச்சியிடம் சொல்லவில்லை. தங்கள் பெருந்தன்மை, என் கோழைத்தனத்துக்கு வசதியாகப் போயிற்று.

அண்ணாச்சி அவர்களே, நண்பர்களே! மூன்றாண்டு தாமதமாக இதை இந்த மேடையில் சொல்கிறேன். குறியை மாற்றியவன் பாண்டிராஜ். லட்சுமிகாந்தம் அம்மையார் கையெழுத்திட்ட எந்தத் தாளிலும் அந்தப் பிழை இல்லை.

இன்று நம் அச்சகத்தில், சிறு திருத்தம் செய்தாலும் இரண்டாம் கையெழுத்து இல்லாமல் எந்தப் பக்கமும் எந்திரத்துக்குப் போவதில்லை. அந்த விதியை எழுதியவர் தாங்கள். நான்கு பேரும், கோடிட்ட ஐந்தாமவரும் உள்ள பலகையைத் தாங்கள் சொல்லச் சொல்ல நான் வரைந்தேன். கீழே எழுத்திலும் போட்டோம். ≤ குறியையும் சரியாகப் போட்டோம், சோலைச்சாமி போன்றவர்களுக்காக. அந்த ஆலையில் மாட்டினார்கள். பிறகு வேறு ஆலைகளும் கேட்டு வாங்கின. போன தீபாவளி சீசனில் புதிதாக வந்த கண்காணி ஒருவர் இன்னொரு ஆளை உள்ளே அனுப்பியபோது, அய்யம்மாள் வாசலை மறித்து நின்று, "அஞ்சாவது ஆளு மேல கோடு போட்டிருக்கே, கண்ணு தெரியலையா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினாராம். சோலைச்சாமி வந்து சொன்னார். தாங்கள் அன்று மகிழ்ந்ததுபோல் நாங்கள் கண்டதில்லை.

இறுதியாக ஒன்று. மடல் பெறுபவரிடம் மடலை முன்கூட்டிக் காட்டுவது வழக்கமில்லை. ஆனால் இந்த அச்சகத்தில் தங்கள் கண் படாமல் ஒரு தாளை அச்சேற்ற எனக்குத் துணிவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை விருதுநகருக்கு வந்து, தங்கள் வீட்டில் இதைக் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பென்சிலோடு அமர்ந்தீர்கள். பதினான்கு ஒற்றுப்பிழைகளைத் திருத்தினீர்கள். 'கணிதக் கடலே' என்றிருந்ததை அடித்தீர்கள். என் தவற்றைச் சொல்லும் பத்திக்கு வந்ததும், முழுப்பத்தியையும் அடித்து, ஓரத்தில் நீக்கற்குறி இட்டீர்கள்.

"இது வேண்டாம் பாண்டி. சட்டம் போட்டுச் சுவத்துல மாட்டுறது. நாளைக்கு ஒன் மகன் பாப்பான்."

"பாக்கட்டும்மா" என்றேன்.

தங்கள் கையிலிருந்த பென்சிலை வாங்கினேன். அடித்ததை நீக்காமல் அப்படியே விடுக என்பதற்கு, அந்த வரிகளின் அடியில் புள்ளிகள் இட வேண்டும். இட்டேன். தங்கள் திருத்தத்தை நான் மீறியது அதுவே முதல்முறை. தாங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள். பிறகு பென்சிலைத் திரும்ப வாங்கி, கடைசிப் பக்கத்தின் மூலையில், "அச்சிடலாம்" என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தேதி போட்டீர்கள். இந்தச் சந்திப்பைச் சொல்லும் வரிகளை மட்டும் பின்னர் சேர்த்து, விதிப்படி இரண்டாம் கையெழுத்தும் வாங்கி, அதன்படியே அச்சிட்டோம்.

எங்கள் அன்பு அம்மா! விடியலில் எழுந்து ஓடிப் பேருந்தைப் பிடிக்க வேண்டாத காலைகளும், வெளிச்சம் குறையாத விழிகளும், வலி அறியாத முழங்கால்களும், விரும்பியதை விரும்பிய வேகத்தில் படிக்கும் நெடிய நாட்களும் தங்களுக்கு வாய்க்கட்டும்! தாங்கள் நூறாண்டு நலமுடன் வாழ, நெஞ்சம் நிறைந்து வேண்டுகிறோம்.

என்றும் தங்கள் அன்புக்குரிய
அச்சகப் பணியாளர்கள்
சிவகாசி, 31.05.2008